எஞ்சினோடு போன வண்டித்தாய்

பான் நோங் யாங்
ஜூலை 13

அன்புத் தங்கை சாய்பினுக்கு அண்ணன் புன்மா எழுதுவது.

இங்கே நான் நலம். அம்மா நலம். எருமைகள் இரண்டும் நலம். அம்மா உன்னை விசாரித்தாள். மழை பரவாயில்லை. நாற்று நட்டாகிவிட்டது.

நலமில்லாதது நம் வண்டி ஒன்றுதான். நேற்று பிக்குகள் மழைக்காலத் தவத்துக்கு உட்காரும் நாளல்லவா? விகாரைக்குக் கொடுக்க ஓர் ஆள் உயர மெழுகுவர்த்தியையும் பதினாறு பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பாலத்தருகே ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், கனெக்டிங் ராடு எஞ்சின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. பதினாறு பேரும் இறங்கி, மெழுகுவர்த்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு, என்னைத் திட்டியபடியே விகாரைக்குப் போனார்கள். புண்ணியம் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

பழுது பார்க்க வழியே இல்லை. வேறு எஞ்சின்தான். இந்த முறை பெட்ரோல் வேண்டாம், டீசல் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டிக்காரர் சங்கத்தின் விதி உனக்குத் தெரியும். நடை எண் எழுதிய பலகை அறுபது நாள் தொடர்ந்து சந்தைக்குப் போகவில்லை என்றால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். நமக்கு ஏழாம் நடை. காய்கறிக்காரப் பெண்கள் எல்லாரும் நம் வண்டியில்தான் போகிறார்கள். அது போனால் கடைசி நடைதான் கிடைக்கும். நண்பகலில் வெயிலை மட்டும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். எட்டாம் நம்பர்காரன் ஏற்கெனவே நம் இடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்.

நீ இருக்கும் ஊரில்தான் ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சின்கள் குவிகின்றன. போய் ஒன்று பார். ஓடவிட்டு ஆயில் மூடியைத் திற, புகை குபுகுபுவென்று வந்தால் வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, வேண்டாம். மற்றதை உன் புத்திக்கு விடுகிறேன். அத்தனை புத்தகம் படித்திருக்கிறாய்.

அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. வண்டி வாரின் டவுன் பட்டறையில் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். வண்டியைக் காக்கும் வண்டித்தாய் எஞ்சினுக்குள்தான் குடியிருக்கிறாள் என்பது அம்மாவின் கட்சி. போன வருடம் டீசல் என்று வாயெடுத்ததற்கே, "பெட்ரோல் வாசனைக்குப் பழகினவடா அவ, டீசல் ஊத்தினா மயக்கம் போட்டுருவா" என்றாள். அதனால் தொலைபேசி வேண்டாம். நீ ஊர்த்தலைவர் வீட்டுக்குப் பேசினால் அவர் ஒலிபெருக்கியில், "புன்மா, உன் தங்கச்சி எஞ்சின் விஷயமா பேசுறா, ஓடி வா" என்று நான்கு ஊருக்குச் சொல்வார். கடிதமே போடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
புன்மா


பாங்காக்
ஜூலை 19

அன்பு அண்ணனுக்கு,

நான் நலம். அச்சகத்தில் வேலை குறையவில்லை. இந்த மாதம் பிழை திருத்துவது மாட்டு வைத்தியம் பற்றிய புத்தகம். எருமைகளுக்கு ஏதாவது வந்தால் எழுது.

அம்மா என்னை விசாரித்ததாக எழுதியிருக்கிறாய். மூன்று வருடமாக ஒரே இடத்தில், ஒரே மூன்று சொல்லில் அம்மா என்னை விசாரிக்கிறாள். நல்லது.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் தெருவுக்குப் போனேன். தெருவே ஆயிலில் ஊறியிருக்கிறது. கடைகளில் ஆண்கள் என்னைப் பார்த்து, "என்னம்மா, வழி தவறிட்டியா?" என்று அன்பாகக் கேட்டார்கள். கடைசிக் கடையில் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே லிம் அக்கா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். மேசைமேல் கணக்கிடும் மணிச்சட்டம், தேநீர்க் கோப்பை. ஒரு எஞ்சினின் வயிற்றுக்குள் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு டீசல் எஞ்சின்கள் காட்டினார். ஒன்று வெள்ளிப் பூச்சில் பளபளத்தது. மற்றதில் கறுப்பு ஆயிலும் எங்கோ ஒரு ஜப்பானியச் சாலையின் மண்ணும் அப்பியிருந்தன. நான் பளபளப்பைப் பார்த்தேன்.

"தங்கச்சி, பொண்ணு பாக்க வர்றவன் பவுடர் அப்பிட்டு வந்தா என்ன அர்த்தம்?" என்றார் லிம் அக்கா.

"எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

"அப்ப அழுக்கா இருக்கிறதைப் பாரு."

"உங்க கடையிலதானே அக்கா ரெண்டும் இருக்கு?"

"பவுடர் கேக்கிறவங்களும் வர்றாங்களே, நான் என்ன செய்ய?"

அழுக்கனை ஓடவிட்டார். மூடியைத் திறந்தேன். மூச்சு விட்டது, பெருமூச்சு விடவில்லை. கம்பியில் ஆயில் கறுப்புத் தேன் போல இருந்தது. பால் இல்லை. தையல் நாடாவால் அளந்திருக்கிறேன், தனித்தாளில் இருக்கிறது. ஆயில் சேம்பரின் தொப்பை பின்பக்கம். புகை வெளியேறும் குழாய் இடப்பக்கம். கியர்பாக்ஸும் சேர்த்தே வரும். லிம் அக்கா இரண்டு வாரம் எடுத்து வைப்பதாகச் சொல்கிறார். உடனே பதில் போடு.

எட்டாம் நம்பர்காரனுக்கு ஒரு பெயர் உண்டு. எழுதினால் காகிதம் எரிந்துவிடாது.

தங்கை
சாய்பின்


பான் நோங் யாங்
ஜூலை 26

அன்புத் தங்கைக்கு,

நலம். அம்மா நலம். அம்மா உன்னை விசாரித்தாள். (நீ அப்படி எழுதிய பிறகு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விடவும் கை வரவில்லை.)

உன் அளவுகளை வைத்து மூங்கிலால் ஓர் எஞ்சின் பின்னினேன். அதே நீளம், அதே உயரம், தொப்பை பின்பக்கம், இடப்பக்கம் குழாய்க்கு ஒரு மூங்கில் துண்டு. இரும்பை வாங்கிவிட்டு வண்டியை வெட்டுவதைவிட மூங்கிலை நுழைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லையா? வீட்டுக்கு அடியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள்.

"என்னடா அது?"

"கோழிக்கூடும்மா."

அம்மா அதை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். "கோழிக்கு எதுக்குடா இத்தனை தொப்பை?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விடிந்ததும் பார்த்தால், ஆயில் சேம்பருக்குள் வைக்கோல் போட்டு, பதினொரு முட்டை வைத்து, சிவப்புக் கோழியை அடை உட்காரவைத்திருக்கிறாள்! இனி இருபத்தோரு நாள் அதை அசைக்கக்கூடாதாம்.

நான் அசைத்தேன். அம்மா விகாரைக்குப் போன நேரத்தில் கோழியோடு, முட்டையோடு வாரின் பட்டறைக்கு எடுத்துப்போய் பானெட்டுக்குள் மெதுவாக இறக்கிப் பார்த்தேன். எஞ்சின் பொருந்துகிறது. கோழியும் பொருந்துகிறது. இடப்பக்கம் தாராளமாக இடம். வலப்பக்கம் ஸ்டியரிங் தண்டு இருப்பதால் அங்கே ஒரு விரல்கூட நுழையாது. குழாய் இடப்பக்கம் வந்தது நம் அதிர்ஷ்டம். வாங்கிவிடு.

பழைய எஞ்சினைக் கழற்றி ஓர் ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். ஓட்டையை வெல்டிங் வைத்து, ராடு மாற்றி, படகுக்குப் போட்டுக்கொள்வானாம்.

அம்மா இப்போதெல்லாம் நெற்களஞ்சியத்தைப் பூட்டி வைக்கிறாள். கேட்டால் எலி என்கிறாள். எலி பூட்டுக்குப் பயப்படுமா? வண்டித்தாய்க்குப் படைக்க வாங்கி வைத்திருந்த சிவப்புச் சோடா பாட்டில்களும் குறைகின்றன. வயதாகிறது, அவளே குடிக்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

அண்ணன்
புன்மா


பாங்காக்
ஆகஸ்ட் 2

அன்பு அண்ணனுக்கு,

நலம். கோழியின் நலத்தையும் விசாரித்ததாகச் சொல்.

எஞ்சின் இன்று லாரி ஏறியது. உபோனுக்குச் சிமெண்ட் கொண்டுபோகும் லாரி. ஓட்டுநரிடம் லிம் அக்கா, "பத்திரம், உள்ள பொண்ணு இருக்கு" என்றார். அந்த மனிதர் பயந்துபோய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். வண்டித்தாயைச் சொன்னாராம்.

"எஞ்சினுக்குள்ளதான் இருப்பாளா அக்கா?" என்று கேட்டேன்.

"நான் முப்பது வருஷமா எஞ்சின் விக்கிறேன். உள்ள இருக்கிறவங்களை எல்லாம் சேர்த்தா வித்தேன்னா எனக்குத் தூக்கம் வருமா?" என்றார். அது ஆமாவா இல்லையா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓர் ஆளுக்குக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். நம் ஊரில் 'ஓர் ஆள்' என்று யாரும் கிடையாது. ஒவ்வொருவனுக்கும் பெயர், அப்பன் பெயர், பட்டப்பெயர், பழைய சண்டை எல்லாம் உண்டு. நீ பெயரில்லாமல் எழுதுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். படகும் இருக்கிறது அவனிடம். நான் மேலே கேட்கவில்லை.

சாய்பின்


பான் நோங் யாங்
ஆகஸ்ட் 21

சாய்பினுக்கு,

நலம். அம்மா நலம்.

இடது என்றால் எது? எந்தக் கையால் நீ சோறு உருட்டிச் சாப்பிடுகிறாய்? அது வலது. மற்றது இடது. இதைப் பள்ளிக்கூடம் போகாத நம் எருமைக்குச் சொன்னாலும் புரியும்.

எஞ்சின் வந்தது. பட்டறையில் நான்கு பேர் சங்கிலி போட்டு இறக்கினோம். இறங்கியது, இறங்கியது, பாதியில் நின்றது. பார்த்தால் புகைக்குழாய் வலப்பக்கம்! நேராக ஸ்டியரிங் தண்டின்மேல், மாமியார் மடியில் மருமகன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. குழாய் இருந்தால் வண்டி திரும்பாது. வண்டி திரும்பவேண்டும் என்றால் குழாய் இருக்கக்கூடாது. பட்டறைக்காரன், "நேரா மட்டும் போற ஊரா பாத்து ஓட்டு புன்மா" என்கிறான்.

இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது.

முட்டையில் ஒன்பது குஞ்சு பொரித்தது.

புன்மா


பாங்காக்
ஆகஸ்ட் 27

அன்பு அண்ணனுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக லிம் அக்காவிடம் போனேன். படித்துவிட்டு அவர் மேசைமேல் தலை வைத்துச் சிரித்தார். பூனை எஞ்சினைவிட்டு எழுந்து போய்விட்டது.

நான் எஞ்சினுக்கு எதிரே, விசிறிப் பக்கம் நின்று அளந்தேன். ஒருவரோடு பேசும்போது முகத்துக்கு எதிரேதானே நிற்போம்? ஆனால் எஞ்சினுக்கு இடது வலது என்பது ஓட்டுகிறவன் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வருவதாம். என்னுடைய இடம் உன்னுடைய வலம். பிழை திருத்துவதுதான் என் தொழில். பிழை என்னுடையது. எருமையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

லிம் அக்கா ஒரு வழி சொன்னார். இதே எஞ்சினை ஜப்பான்காரர்கள் சிறிய வேனிலும் போட்டிருக்கிறார்கள். அதில் புகைக்குழாய் பக்கவாட்டில் நீளாமல் நேராகக் கீழே மடங்கும். அப்படி ஒன்றைத் தேடி எடுத்துவிட்டார். இத்துடன் பார்சலில் வருகிறது. இந்த முறை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று அம்புக்குறி வரைந்து, அம்புக்குறியின் முனையில் உன் படத்தையும் வரைந்திருக்கிறேன்.

போன கடிதத்தில், அம்மா என்னை விசாரித்ததாக நீ எழுதவில்லை. கோபத்தில் மறந்திருப்பாய்.

சாய்பின்


பான் நோங் யாங்
செப்டம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

பார்சல் வந்தது. குழாய் பொருந்தும். ஆனால் எஞ்சினைத் தாங்கும் கால்களை வெட்டி ஒட்டவேண்டும், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை நான்கு விரல் குறைக்கவேண்டும், ரேடியேட்டர் போதாது. பத்தாம் தேதிக்குள் எப்படியும் முடியாது என்று உட்கார்ந்திருந்தபோது அதைவிடப் பெரியது ஒன்று நடந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆற்றங்கரையில் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். நான் கூடை பிடித்து நின்றேன். ஒரு படகு வந்தது. அம்மா நிமிர்ந்தாள்.

"புன்மா, அந்த இருமல் யாரோடது?"

"எந்த இருமல்மா?"

"ரெண்டு தரம் இருமிட்டு மூணாவது தரம் முழுங்குது பாரு. அது நம்ம வண்டிடா."

அப்படியே சேற்றில் முட்டிபோட்டு, கைகூப்பி, படகைக் கும்பிட்டாள். படகில் இருந்தவன் மிரண்டுபோய்க் கரைக்கு விட்டான். பெயர் எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். தவின். உனக்கு நிச்சயம் செய்து, நீ வேண்டாம் என்று பாங்காக் பஸ் ஏறினாயே, அதே தவின். எட்டாம் நம்பரும் அவன்தான், எஞ்சின் வாங்கிய ஓர் ஆளும் அவன்தான். வேறு யாரும் ஓட்டை விழுந்த எஞ்சினைக் கேட்கவில்லை சாய்பின், நான் என்ன செய்வேன்?

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அவனைப் பார்த்தாள்.

"தவின், எங்க வண்டித்தாய் உன் படகுல உக்காந்திருக்கா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அதான் அத்தை! எஞ்சின் மாட்டின நாள்லருந்து படகு இடப்பக்கமே இழுக்குது. மூணு தரம் தண்ணில விழுந்துட்டேன். படகுக்குன்னு ஏற்கெனவே ஒருத்தி இருக்காளே, ரெண்டு பேருக்கும் ஆகல போல!"

"எப்படி ஆகும்? இவ சந்தைக்குப் போறவ. காலையில ஏழாம் நடை ஓடலேன்னா இவளுக்குத் தலை சுத்தும்."

"அப்ப நான் என்ன பண்ணணும் அத்தை?"

"என்ன பண்ணணுமா? ஓட்டு."

மறுநாள் காலை நம் ஏழாம் நம்பர் பலகையைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு, நம் காய்கறிக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு வாரின் சந்தைக்குப் போய் வந்தான். திரும்பி வந்து பலகையை மாற்றிக்கொண்டு எட்டாம் நடைக்குப் போனான். சங்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். விதியில் 'பலகை' என்றுதான் இருக்கிறது, 'வண்டி' என்று இல்லை என்று அம்மா ஊர்த்தலைவரை ஒலிபெருக்கியிலேயே சொல்லவைத்தாள்.

நம் இடத்தைப் பிடிக்கக் காத்திருந்தவனே நம் இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

புன்மா


பான் நோங் யாங்
செப்டம்பர் 18

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. தவின் பெயர் எழுதியது தப்பா? எழுதாததற்கும் திட்டினாய்.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. பத்து நாளில் ஓடும். ஆனால் அம்மா வண்டியை வீட்டுக்குள் விடமாட்டாளாம். வண்டித்தாய் படகில் இருக்க, வண்டி மட்டும் வந்தால் அது வெறும் தகரமாம். அவளை முறைப்படி அழைத்து வரவேண்டும்.

"நான் அழைக்கிறேன்மா" என்றேன்.

"எஞ்சினை வித்தவன் கூப்பிட்டா வருவாளா?"

"நீயே கூப்பிடு."

"முதமுதல்ல அவளைக் கூப்பிட்டது யாரு? அப்பா வண்டியைக் கொண்டுவந்த அன்னிக்கு, ஒம்பது வயசுல, அவர் தோள்ல ஏறிக் கண்ணாடியில மாலை கட்டினவ யாரு? அவ கூப்பிடணும். இல்லேன்னா தவின் ஓட்டட்டும், எனக்கென்ன."

தவின் நேற்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, தினமும் ரெண்டு நடை. ஏழாம் நடைப் பொம்பளைங்க பேசுற பேச்சுல என் காது போச்சு. உங்க தங்கச்சிய வரச்சொல்லுங்க. கல்யாணத்துக்கு இல்ல அண்ணே, எஞ்சினுக்கு."

பிக்குகளின் மழைக்காலத் தவம் முடியும் பௌர்ணமிக்கு, அக்டோபர் ஏழாம் தேதிக்குள் வா. அதற்குமேல் அவன் ஓட்டமாட்டான். பலகை நின்றுவிடும்.

இன்னொன்று. இதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா அந்தப் பக்கமாகப் போனாள். நின்றாள். "அவ இன்னும் தலையை ஈரத்தோட வெச்சிக்கிட்டுத்தான் தூங்குறாளான்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்கச் சொன்னதால் கேட்கிறேன்.

புன்மா


பாங்காக்
செப்டம்பர் 25

அன்பு அண்ணனுக்கு,

நலம். பதில் எழுதாததற்குக் காரணம் வேலை. மாட்டு வைத்தியத்தின் இரண்டாம் பாகம்.

மூன்று வருடமாக அம்மா என்னை விசாரித்ததாக நீ எழுதியதெல்லாம் நீயே எழுதியது என்று எனக்குத் தெரியும். இது மட்டும் அம்மா கேட்டது. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிழை ஒன்றும் இல்லை.

எனக்கு விடுப்புக் கிடைக்காது. கிடைத்தாலும், ஊரே பார்க்க அவன் படகின் முன்னால் நான் போய் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? நான் வருவதற்கில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

சாய்பின்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டுவிட்டு லிம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "ஒரு எஞ்சினைப் பார்க்க இத்தனை ஆம்பளைங்களைத் தாண்டி என் கடைக்கு வந்தவ, ஒரு படகுக்குப் பயப்படுறியா?" என்றார். ஆறாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வா. ஒலிபெருக்கி வேண்டாம்.


பான் நோங் யாங்
அக்டோபர் 15

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அம்மா உன்னை விசாரித்தாள். இது நிஜமாகவே. கொடுத்தனுப்பிய புளித்த மீன் ஊறல் பாட்டில் பஸ்ஸில் உடையாமல் வந்ததா என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். பஸ்காரர்களுக்காக நானும் கவலைப்பட்டேன்.

வண்டி தினமும் ஏழாம் நடை ஓடுகிறது. டீசல் எஞ்சின் கனம், அதனால் முன்பக்கம் தணிந்து, எதிரே வருகிற எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே போகிறது. ஏறும்போது பெண்கள், "நல்ல பணிவான வண்டி" என்கிறார்கள். நீ கட்டிய மாலை இன்னும் வாடவில்லை.

நீ படகின் மூக்கில் சிவப்புச் சோடாவை வைத்து, "வாம்மா, வண்டி வந்திருக்கு, வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டபோது கரையில் நின்ற எல்லாரும் கைகூப்பினார்கள். ஆனால் ஊரில் இப்போது ஓடுவது தவின் உன்னிடம் சொன்னதுதான். "முப்பத்திரண்டு நாள் உங்கம்மா சொன்னபடி வண்டி ஓட்டினேன். உன்னைக் கட்டியிருந்தா ஆயுசுக்கும் ஓட்டியிருக்கணும். நீ பஸ் ஏறினது நீ எனக்குச் செஞ்ச புண்ணியம்." நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து மூன்று வருடமாகிறது. அம்மாவும் பார்த்தாள். பார்க்காத மாதிரி வெற்றிலை மடித்தாள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, தவினின் படகு இன்னும் இடப்பக்கமே இழுக்கிறதாம். வண்டித்தாய்தான் வந்துவிட்டாளே, பிறகு ஏன்? இரண்டு, கிளம்புகிற அன்று அம்மா உன்னை அரிசி எடுத்து வரக் களஞ்சியத்துக்கு அனுப்பினாள். உனக்கு மட்டும் சாவி. பின்னாலேயே அவளும் வந்தாள், அரைமணி நேரம் உள்ளே இருந்தீர்கள் இருவரும். உள்ளே என்ன இருக்கிறது? என்னைக் கதவருகேகூட விடுவதில்லை. வாசலில் ஒரே எறும்பு.

அண்ணன்
புன்மா


பாங்காக்
அக்டோபர் 21

அன்பு அண்ணனுக்கு,

நலம். மீன் ஊறல் உடையவில்லை. ஆனால் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை, கால் நீட்டிக்கொண்டு வந்தேன்.

தவின் எஞ்சினைக் கோணலாக மாட்டியிருப்பான். எந்தப் பக்கம் நின்று இடது வலது பார்த்தான் என்று கேள். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

களஞ்சியத்தில் நெல் இருந்தது.

தங்கை
சாய்பின்


பாங்காக்
அக்டோபர் 21

அம்மாவுக்குச் சாய்பின் எழுதுவது.

நீ எழுத்துக் கூட்டிப் படிப்பாய் என்பதால் பெரிதாக எழுதுகிறேன். இதைத் தேயிலைப் பொட்டலத்துக்குள் வைத்திருக்கிறேன். அண்ணன் தேநீர் போடுவதில்லை, அதனால் அவன் கண்ணில் படாது.

நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மா. நெல் குவியலுக்குப் பின்னால் வண்டியில் வண்டித்தாய்க்குக் கட்டியிருந்த மூன்று நிறத் துணி, காய்ந்து சருகான பழைய மாலை, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்புச் சோடா. மாலை காய்ந்து மூன்று மாதம் இருக்கும். வண்டி நின்ற அன்றே, அண்ணன் அதைப் பட்டறைக்கு இழுத்துப்போவதற்கு முன்னாலேயே நீ அவளை இறக்கி உள்ளே கூட்டிப்போய்விட்டாய். கோழிக்கூட்டுக்குத் தொப்பை எதற்கு என்றும் உனக்கு அன்றே தெரியும். ஆற்றங்கரையில் சேற்றில் முட்டிபோட்டபோது அவள் வீட்டில் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தாள்.

நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். "எஞ்சினுக்குள்ள யாராவது குடியிருப்பாங்களாடி? அந்தச் சூட்டுல?" என்று மட்டும் சொன்னாய். பிறகு துணியை உதறி மடித்து என் கையில் கொடுத்து, வண்டியில் கட்டிவிட்டு வரச் சொன்னாய். கட்டிவிட்டேன். அப்போதுதான் அவள் உண்மையில் ஏறியிருப்பாள். ஊர் பார்த்த சடங்குக்கு மறுநாள், ஊர் பார்க்காதபோது. அண்ணனுக்கு அது தெரியவேண்டாம். மாலை வாடவில்லை என்று சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறான்.

தவினை அத்தனை நாள் இரண்டு நடை ஓட்டவைத்தது கொஞ்சம் அதிகம்தான். அவனுக்கு ஒரு கோழி கொடு. அந்தக் கூட்டில் பொரித்ததிலிருந்தே கொடு.

சோடா தீர்ந்திருக்கும். புதுவருடத்துக்கு வரும்போது நானே வாங்கி வருகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லவே இல்லை. தலை காய்ந்த பிறகுதான் தூங்குகிறேன், அம்மா.

சாய்பின்